ஏழாம் கிணற்றின் இருபத்து நான்காவது மாதம்

"10-2-97, திங்கள். நான்காம் இயல்: 0 பக்கம். விண்ணப்பம்: 2. கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. 13ஆம் தேதி நேர்முகம். கிணறுகளுக்கு என்ன செய்வது?"

இது என் நாட்குறிப்பில் உள்ளபடி. எழுத்து மட்டும் இப்போது கொஞ்சம் மங்கியிருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற வாரத்தில், துறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஆய்வு மாணவர்கள் மூன்று பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். வேலையும் தேட வேண்டும், ஆய்வேடும் நகர வேண்டும், இரண்டையும் எப்படிச் செய்தீர்கள் சார்? அன்று ஏதோ சிரித்து மழுப்பிவிட்டேன். உண்மையில் நான் அதைச் சரியாகச் செய்யவில்லை. செய்யாதது எப்படி என்பதைத் தேதிவாரியாகச் சொல்ல என்னால் முடியும். பழைய ஆவணங்களையும் அதிகாரிகளின் நாட்குறிப்புகளையும் படித்துப் படித்து, நாமும் எல்லாவற்றையும் குறித்து வைக்க வேண்டும் என்ற பைத்தியம் எனக்குச் சின்ன வயதிலேயே பிடித்துவிட்டது. அதனால் என் தவறுகளுக்கு நானே சாட்சி.

வேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஏழு வருடம் வேதியியல் நடத்திவிட்டு, 1993 ஆகஸ்டில் பெங்களூருக்கு ஆய்வுக்கு வந்தேன். நான்கு வருடத்துக்கு உதவித்தொகை. 1997 ஜூலை 31ஆம் தேதியோடு அது நின்றுவிடும். என் மனைவி ஜெயாவுக்குக் கன்டோன்மெண்ட் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது. அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும் என்று சொல்லித்தான் வீட்டுக்காரர் வாடகைக்கு விட்டார். ஜன்னலில் ஏறி நின்றால் தெரியும் என்பதை நாங்களாகக் கண்டுபிடித்தோம். இப்போதும் அந்த ஊரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த ஜன்னலும், ஜூன் மாதத்துச் சாரலும், சிவாஜி நகர் பஸ் நிலையத்தின் சத்தமும்தான்.

என் ஆய்வு சுலபமாகச் சொல்லக்கூடியது. பொம்மசந்திரா தொழிற்பேட்டையிலிருந்து ஆனேக்கல் வரை பதினான்கு திறந்த கிணறுகள். மாதம் ஒரு முறை ஒவ்வொன்றிலும் நீர்மட்டம் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். இருபத்து நான்கு மாதம் விடாமல். தொழிற்சாலைகள் போடும் ஆழ்துளைக் கிணறுகள் பக்கத்துத் திறந்த கிணறுகளின் நீரை இழுக்கின்றனவா, இல்லையா? கேள்வி அவ்வளவுதான். அளக்கும் முறையும் அவ்வளவு பழையது. இரும்பு நாடாவின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து இறக்கினால், நனைந்த இடம் நிறம் மாறித் தெரியும். ஒரே நிபந்தனை, விடிகாலையில், அன்றைய மோட்டார் போடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். இரவெல்லாம் ஊறி ஓய்ந்திருக்கும் மட்டம்தான் கிணற்றின் உண்மையான மட்டம். மோட்டார் ஓடிய பிறகு எடுத்தால் அது மோட்டாரின் அளவு.

1995 மார்ச்சில் தொடங்கினேன். 1997 பிப்ரவரி இருபத்து நான்காவது மாதம். கடைசி மாதம்.

வேலை தேடுவது அதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிட்டது. அதில் ஒரு ஏமாற்று உண்டு. வேலை தேடுவது, வேலை செய்வதைப் போலவே ஆளைக் களைப்பாக்கும். மாலையில் முதுகு வலிக்கும். எனவே இன்று உழைத்தோம் என்று மனம் நம்பிவிடும். அப்போது ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒவ்வொரு படிவம். தபாலில் எழுதி வரவழைத்து, தட்டச்சு செய்து, சான்றிதழ் நகல்களில் கெசட்டட் அதிகாரி ஒருவரின் பச்சை மைக் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே கெசட்டட் அதிகாரி ஒரு கால்நடை மருத்துவர். நல்ல மனிதர். காலை எட்டிலிருந்து ஒன்பது வரைதான் கையெழுத்துப் போடுவார். என் எம்.எஸ்சி. சான்றிதழுக்கு முன்னால் வரிசையில் பல நாள் ஆடுகள் நின்றிருக்கின்றன.

தகுதி இல்லாத வேலைகளுக்கும் போட்டேன். ஒருநாள் ஜெயா என் உறையை எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இது மீன்வளத் துறைன்னு போட்டிருக்கே?"

"தண்ணி சம்பந்தப்பட்டதுதானே."

"மீனைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? வறுத்து வச்சா சாப்பிடத் தெரியும். முள்ளு எடுக்கக்கூட நான்தான் வரணும்."

நாட்குறிப்பில் தினமும் இரண்டு எண்கள் எழுதுவேன். எழுதிய பக்கம், அனுப்பிய விண்ணப்பம். நவம்பர் 25 முதல் பிப்ரவரி 10 வரை பதினொரு வாரம். பக்கம் என்ற இடத்தில் ஒரே எண்தான், பூஜ்யம். எதிரில் விண்ணப்பங்கள் முப்பத்தொன்று. காலையில் தெளிந்த மூளையோடு பயோடேட்டாவில் அச்சுப்பிழை பார்த்தேன். சாப்பிட்ட பிறகு தூக்கக் கலக்கத்தில் ஆய்வேட்டை எடுத்தேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி உண்டு, ஆய்வேட்டுக்கு அன்றைக்கென்று ஒரு கடைசித் தேதி கிடையாது. தேதி உள்ளது தேதி இல்லாததைத் தின்றுவிடும்.

முப்பத்தொன்றில் ஒன்று காய்த்தது. தமிழ்நாட்டில் ஒரு கல்லூரி. நிரந்தரப் பணி. வியாழக்கிழமை காலை பதினொன்றுக்கு நேர்முகம். அதே வாரம்தான் என் கடைசி அளவு.

ஆனேக்கல் பக்கத்துக் கிணறுகளைச் செவ்வாய்க்கிழமை முடித்தேன். புதன் விடிகாலை முதல் பஸ்ஸில் பொம்மசந்திரா போய் மற்றவற்றையும் முடித்துவிட்டு, கடைசியாக ஏழாம் கிணற்றுக்குப் போனால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொழிற்பேட்டையின் பின்சாலையில் ரத்னம்மா என்ற அம்மாள் நடத்திய சிறிய ஹோட்டலின் பின்கட்டுக் கிணறு அது. வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், கோபம் வந்தால் தெலுங்கு என்று பேசுகிறவர். கன்னடமும் எண்களும் எழுதத் தெரியும்.

"அக்கா, மோட்டார் எப்பப் போட்டீங்க?"

"நாலு மணிக்கே போட்டாச்சு சார். இருநூறு பேருக்கு ஊட்டா ஆர்டர், மொத்தமும் நான்தான் சமைக்கணும். கல்யாண வீடு உங்க கிணத்துக்காகக் காத்துக்கிட்டிருக்குமா?"

"அக்கா, இது உங்க கிணறு."

"ரெண்டு வருசமா மாசா மாசம் எட்டி எட்டிப் பாக்கறது நீங்க. நான் ஒரு தடவை உள்ள பாத்ததில்ல. அப்போ யார் கிணறு?"

அன்று மாலை நான் ரயில் ஏற வேண்டும் என்று சொன்னேன். எதற்கு என்றும் சொன்னேன்.

"வேலைக்கா? அப்போ டாக்டர் ஆகறது?"

"அதுவும் ஆயிடும்."

"இதையேதான் சொல்றீங்க. எங்க மேஸ்திரி மூணு மாசத்துல ரெண்டு மாடி வீடு கட்டி ஒட்டடைகூட அடிச்சிட்டான். நீங்க இன்னும் ஆழம் பாத்துக்கிட்டிருக்கீங்க." சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். "குடுங்க அந்த டேப்பை. நாளைக்குக் காலைல நானே பாத்து எழுதி வைக்கறேன்."

மோட்டார் போடுவதற்கு முன்னால், முதல் குடம் இறைப்பதற்கும் முன்னால் என்று இரண்டு முறை சொன்னேன். சாக்பீஸை எப்படித் தேய்ப்பது என்று காட்டினேன்.

"சொல்ப, கொஞ்சம் நகருங்க சார். முப்பது வருசமா கோலம் போடறவளுக்குச் சாக்பீஸ் பிடிக்கக் கத்துத் தர்றீங்க!"

என் கண் முன்னால் ஒருமுறை இறக்கிக் காட்டினார். சரியாகத்தான் இறக்கினார். சரியாகத்தான் படித்தார்.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்: "அளவுகள் எல்லாம் முடிந்துவிட்டனவா?" முடிந்துவிட்டன என்றேன். ஏழாம் கிணற்றின் எண்ணை நான் இன்னும் பார்த்திருக்கவில்லை. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு நொடிகூட இல்லை. நேர்முகங்களில் நாம் சொல்லும் பொய்களில் பாதி, தயங்கினால் அழகாக இருக்காது என்பதற்காகச் சொல்லும் பொய்கள்.

17ஆம் தேதி, திங்கள் மதியம் பொம்மசந்திரா போனேன். ரத்னம்மா நாடாவையும், தேதித்தாள் காலண்டரில் கிழித்த ஒரு தாளையும் கொடுத்தார். பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் "35-3" என்று எழுதியிருந்தது. முப்பத்தைந்து அடி மூன்று அங்குலம். ஜனவரியில் நான் அளந்தது இருபத்து நான்கரை அடி. பிப்ரவரியில் ஓர் அடி இறங்கும், மிஞ்சினால் ஒன்றரை. ஒரே மாதத்தில் பத்து அடிக்கு மேல் எந்தக் கிணறும் இறங்கி நான் பார்த்ததில்லை.

"அக்கா, மோட்டார் போட்டதுக்கு அப்புறமா பாத்தீங்க?"

அவர் முகம் மாறியது. "போடறதுக்கு முன்னாலன்னு சொன்னீங்க. முன்னாலதான் பாத்தேன்."

"இவ்வளவு இறங்காதேக்கா."

"அது எனக்குத் தெரியாது சார். கிணத்தைக் கேளுங்க." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நம்பிக்கை இல்லேன்னா நாளைக் காலைல வாங்க. நீங்க வர்ற வரைக்கும் மோட்டாரைத் தொடமாட்டேன். உங்க கண்ணாலயே பாத்துக்குங்க. பேஜாரே வேணாம்."

வருகிறேன் என்று சொல்லி, நாடாவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை நான் போகவில்லை. கல்லூரிக்காரர்கள் எல்லாச் சான்றிதழ்களின் நகல்களையும் 20ஆம் தேதிக்குள் கேட்டிருந்தார்கள். 18ஆம் தேதி காலை எட்டு மணிக்கு நான் கால்நடை மருத்துவமனை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பசுவும் இரண்டு நாய்களும் இருந்தன என்று நாட்குறிப்பு சொல்கிறது. கிணற்றைப் பற்றி அன்று எதுவும் எழுதவில்லை. அந்த வாரம் முழுவதும் எழுதவில்லை.

25ஆம் தேதி ஐந்தாம் இயலின் அட்டவணைக்கு உட்கார்ந்தேன். பதினான்கு கிணறுகள், இருபத்து நான்கு மாதங்கள். முந்நூற்று முப்பத்தாறு கட்டங்களில் முந்நூற்று முப்பத்தைந்து நிரம்பியிருந்தன. பக்கத்துக் கிணறுகள் அந்த மாதம் எவ்வளவு இறங்கின என்று சராசரி எடுத்து, ஜனவரி அளவோடு கூட்டினேன். இருபத்தைந்து அடி ஆறு அங்குலம் வந்தது. அதைக் கட்டத்தில் எழுதினேன். மதிப்பீடு என்று ஓர் அடிக்குறிப்புப் போட்டிருக்கலாம். ஒரு நட்சத்திரக் குறியாவது போட்டிருக்கலாம். மற்ற முந்நூற்று முப்பத்தைந்தும் என் காலால் நடந்து எடுத்தவை, ஒன்றுக்காக ஏன் நட்சத்திரம் என்று தோன்றியது. காலண்டர் தாளை நாட்குறிப்புக்குள் செருகினேன்.

ஏப்ரல் 3ஆம் தேதி வேலைக்கான ஆணை வந்தது. ஜூன் 16க்குள், ஆய்வேடு சமர்ப்பித்ததற்கான சான்றோடு சேர வேண்டும். அன்று ஜெயா பள்ளியிலிருந்து வந்ததும் வாசலிலேயே காட்டினேன். சமையலறைக்குள் போய்த் தனியாக ஒருமுறை படித்துவிட்டு வந்தாள். அந்த வார இறுதியிலேயே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாள்.

அதன் பிறகு எழுத்து ஓடியது. நாட்குறிப்பில் மூன்று பக்கம், நான்கு பக்கம், ஒருநாள் ஏழு பக்கம். அந்த ஏழு வாரங்களைப் பார்த்தால் உங்களுக்கே பொறாமையாக இருக்கும். எண்களை மட்டும் பார்த்தால் என் ஆய்வு வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த காலம் அது. ஐந்தாம் இயலின் முடிவுரையை ஒரே மூச்சில் எழுதினேன். திறந்த கிணறுகளில் காணும் இறக்கம் பருவத்தால் ஏற்படுவது, ஆழ்துளைக் கிணறுகளின் பாதிப்பு எதுவும் தென்படவில்லை. சுத்தமான, உறுதியான வாக்கியம். என் நெறியாளர் கையெழுத்துப் போட்டார். பிரதிகள் பைண்டிங்குக்குப் போயின, நன்றியுரைப் பக்கம் மட்டும் பாக்கி.

மே 22, வியாழக்கிழமை. நன்றியுரையில் ரத்னம்மாவின் பெயரைச் சேர்க்க நினைத்து, இனிஷியல் என்ன என்று கேட்கப் போனேன். உண்மையில் விடைபெறத்தான் போனேன். ஹோட்டல் வாசலில் தண்ணீர் லாரி நின்றது. ரத்னம்மா ட்யூபைப் பிடித்துக்கொண்டு டிரம்களை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டரே. கிணத்தைப் பாக்கவா? போய்ப் பாருங்க. இப்போ டேப்பே வேணாம்."

போய்ப் பார்த்தேன். அடியில் பாறை தெரிந்தது. ஒரு பிளாஸ்டிக் குடம் சாய்ந்து கிடந்தது.

"எப்பலேர்ந்துக்கா?"

"உகாதி முடிஞ்சதும் வத்திப்போச்சு. பின்னால புதுசா வந்தானே கம்பெனிக்காரன், அவன் பிப்ரவரில போர் போட்டான். ராத்திரி பகலா ஓட்டிப் பாத்தான். தண்ணி எவ்வளவு வருதுன்னு டெஸ்ட்டாம்."

"பிப்ரவரில எப்போ?"

"தேதியெல்லாம் நீங்கதானே எழுதுவீங்க? அந்தக் கல்யாண ஆர்டர் வாரம்னு நினைக்கறேன். பஞ்சாயத்துல போய்ச் சொன்னேன். கம்பெனி ஆளு வந்து, 'அது வெயில் காலம்மா, எல்லாக் கிணறும் இறங்கும்'னு சொல்லிட்டுப் போயிட்டான்." ட்யூபை அடுத்த டிரம்முக்கு மாற்றினார். "நான் எழுதிக் குடுத்தேனே, அது உங்க புஸ்தகத்துல இருக்கில்ல? அதைக் காட்டினா ஒத்துக்குவானா?"

நான் காலி டிரம் ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினேன். அவராகவே வேறு பேச்சுக்குப் போனார்.

"அன்னிக்கு வர்றேன்னு சொல்லிட்டு வரலையே நீங்க. ஏழரை வரைக்கும் மோட்டார் போடலை. இட்லி இல்லேன்னு ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆளுங்க திட்டிக்கிட்டே போனாங்க. சரி விடுங்க, வேலை கிடைச்சிடுச்சில்ல. அது போதும். காபி சாப்பிடறீங்களா?"

காபி சாப்பிட்டேன். 

பஸ்ஸிலேயே குறிப்பேட்டைப் பிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த எட்டாம் கிணறும் பிப்ரவரியில் வழக்கத்தைவிட மூன்று அடி கூடுதலாக இறங்கியிருந்தது. அதை அளந்தவன் நானே. சராசரி எடுத்தபோது அதை விட்டுவிட்டிருந்தேன். காரணம் என்று ஓரத்தில் ஒரே சொல்லை எழுதியிருந்தேன்: பாசனம். எட்டாம் கிணற்றுக்குப் பக்கத்தில் வயலே கிடையாது. கம்பெனி ஆள் பஞ்சாயத்தில் சொன்ன அதே வாக்கியத்தை, இருபத்து நான்கு மாத அட்டவணையோடு, நெறியாளர் கையெழுத்தோடு, நான் ஆங்கிலத்தில் எழுதி பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஜெயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாத்தி எழுத எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு மாசம். முடிவுரை மொத்தமும் அந்த இயல் மேலதான் நிக்குது."

"ஜூன் பதினாறு?"

"முடியாது."

கையில் இருந்த டம்ளரைப் பெட்டிக்குள் வைக்கவும் இல்லை, வெளியே வைக்கவும் இல்லை. "நாளைக்கு நான் ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட போய் என்னன்னு சொல்லட்டும்? கிணறு கோச்சுக்கிச்சு, ராஜினாமாவைத் திருப்பிக் குடுங்கன்னா?"

"ஜெயா..."

"அந்த 18ஆம் தேதி காலைல ஒரு மணி நேரம் போயிருந்தா இன்னிக்கு இந்தப் பேச்சே இல்லை. இல்லையா?"

"இல்லை."

அவள் டம்ளரை வெளியே வைத்தாள். பெட்டியிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, காகிதத்தைப் பிரித்து, மறுபடி அலமாரியில் வைத்தாள். அந்தச் சத்தத்தை நான் இன்னொரு அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் அவள் சொன்ன பதில் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மறுநாள் நெறியாளரின் அறைக்குப் போனேன். மைசூர்ப் பக்கத்துக்காரர், அல்சூரில் வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். அட்டவணையையும் காலண்டர் தாளையும் மேசையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன்ரீ, இந்த இருபத்தஞ்சு ஆறு கிணத்தோட நம்பரா, உங்க நம்பரா?"

"என் நம்பர் சார்."

"மத்த முந்நூத்தி முப்பத்தஞ்சு?"

"கிணத்தோடது சார்."

"இனிமே அதை யார் நம்புவாங்க?" அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தன் கையெழுத்து இருந்த பக்கத்தைத் திருப்பி நெடுநேரம் பார்த்தார். "நானும் கேக்கலை. ஒரு கட்டத்துலகூட 'அளவு இல்லை'ன்னு கோடு இல்லாம அட்டவணை வந்தா கேட்டிருக்கணும். ரெண்டு வருசம் பஸ்ஸுல போனவன் ஒரு நாளாவது தவறவிட்டிருப்பான்." பைண்டருக்கு ஃபோன் போட்டார். "வேலையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அது உங்க வீட்டு விஷயம். ஆனா இதுல என் கையெழுத்து வேணும்னா அந்தக் கட்டத்துல அந்தம்மா எழுதினது வரணும். எழுதினது அவங்கன்னும் வரணும்."

மே 26ஆம் தேதி கல்லூரிக்கு எழுதினேன். ஜூலை கடைசி வரை அவகாசம் கேட்டேன். காரணத்தையும் மறைக்காமல் எழுதினேன். ஜூன் 9ஆம் தேதி பதில் வந்தது. மூன்று வரி. அவகாசம் தர விதிகளில் இடமில்லை, பட்டியலில் அடுத்தவருக்குப் பணி வழங்கப்படுகிறது. அவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. அளவுகள் முடிந்துவிட்டன என்று அவர்களிடம் சொன்னவன் நான்தானே.

ஜெயாவின் பள்ளியில் ராஜினாமாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அவள் ஆசைப்பட்டு நடத்திய பத்தாம் வகுப்பை அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு மூன்றாம் வகுப்பு கிடைத்தது. அடுத்த இரண்டு வருடம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். அந்தச் செலவை நான் எந்தக் குறிப்பிலும் எழுதவில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் ஒரு விண்ணப்பம்கூட அனுப்பவில்லை. தேடாமல் இருந்தால் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் காலை ஐந்தரையிலிருந்து பதினொன்று வரை ஐந்தாம் இயலைத் தவிர எதையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். தபால்காரர் வருவது பதினொன்றரைக்கு. அவர் வந்த பிறகு அன்றைக்கு எண்களைத் தொடுவதில்லை. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, கடிதம் வந்த கையோடு அட்டவணையில் கை வைத்தால் அந்தக் கடிதமும் சேர்ந்துதான் எண்ணை எழுதும். நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் ஒரே நடைமுறைப் பதில் இதுதான். இப்போது தபால்காரர் உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறார். நேரத்தை நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த இரண்டு மாத நாட்குறிப்பில் பக்கங்களுக்கு நேரே கழித்தல் குறிகள் இருக்கின்றன. கழித்தல் 4. கழித்தல் 11. பிறகு கூட்டல் 2. எழுதியதை நீக்கிய நாட்களும் எழுதிய நாட்கள்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. முடிவுரையில் உறுதியான வாக்கியம் போனது. ஏழு, எட்டு ஆகிய கிணறுகளின் இறக்கத்தைப் பருவத்தால் விளக்க முடியவில்லை, காரணம் நிறுவப்படவில்லை என்ற தயக்கமான வாக்கியம் வந்தது. ஏழாம் கிணற்றின் கடைசிக் கட்டத்தில் 35-3. கீழே அடிக்குறிப்பு: அளந்தவர் ரத்னம்மா, கிணற்றின் உரிமையாளர், ஆய்வாளர் சரிபார்க்கவில்லை.

ஜூலை 28ஆம் தேதி, திங்கள், சமர்ப்பித்தேன். அடுத்த ஆண்டு வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த ஓர் அடிக்குறிப்பைப் பற்றி மட்டும் இருபது நிமிடம் கேட்டார். அல்சூரில் டுட்டோரியல் வகுப்புகள் நடத்தினேன். 1998 அக்டோபரில் தற்காலிகப் பணி, 2000 ஜூனில் நீங்கள் என்னைப் பார்த்த இந்தக் கல்லூரி.

ஏழாம் கிணற்றைப் பற்றிய முடிவுரைப் பக்கத்தைக் கன்னடத்தில் எழுதி ரத்னம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதைப் பஞ்சாயத்துக்கு எடுத்துப் போனார். "காரணம் நிறுவப்படவில்லைன்னு உங்க சாரே எழுதியிருக்காரே" என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். எனக்கு அது வலித்தது. ஆனாலும் அதைவிட ஒரு சொல் கூடுதலாக எழுத எனக்கு உரிமை இருக்கவில்லை. 18ஆம் தேதி காலை நான் போயிருந்தால் ஒருவேளை இருந்திருக்கும்.

கம்பெனி எந்தெந்தத் தேதிகளில் போரை ஓட்டிப் பார்த்தது என்ற பதிவேட்டைக் கேட்டு மூன்று முறை எழுதினேன்: 1997 ஆகஸ்ட், 1998 ஜனவரி, 2003 மார்ச். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவது, பெறுநர் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதற்குள் அந்த இடம் கைமாறிவிட்டது.

1999இல் ஒருமுறை ரத்னம்மாவைப் பார்க்கப் போனபோது நேரடியாகவே கேட்டேன். அன்று காலை அவர் நாடாவை இறக்குவதற்கு முன் வேறு யாராவது மோட்டார் போட்டிருப்பார்களா? கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. கல்லாவில் போய் உட்கார்ந்தார்.

"நான் எழுந்தது நாலே முக்காலு சார். என் மருமக அதுக்கு முன்னாலயே எழுந்துட்டாளா, மோட்டாரைப் போட்டு நிறுத்தினாளான்னு எனக்குத் தெரியாது. அவளுக்கும் இப்போ ஞாபகம் இல்லை. நான் பாத்தது முப்பத்தஞ்சு மூணு. அது மட்டும் சத்தியம்."

ஆகவே, 13-2-97 விடிகாலையில் ஏழாம் கிணற்றின் நீர்மட்டம் ஓய்ந்த நிலையில் இருந்ததா, அதற்கு முன்பே மோட்டார் ஓடியிருந்ததா என்பது, நான் இதை எழுதும் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.